கும்பகோணத்தில் ஒன்றுமே நடப்பதில்லையா? புதிதாகக் குடிவந்தவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வங்கி வேலையில் மாற்றலாகி வைகாசியில் கும்பகோணம் வந்திருக்கிறீர்கள். கூட மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், வயதான அம்மா. சனி, ஞாயிறு வந்தால் ஊரில் என்ன விசேஷம் என்று இணையத்தில் தேடுகிறீர்கள். கோவில் பட்டியலும் காபிக்கடைப் பட்டியலும்தான் வருகின்றன. "கோவிலைத் தவிர இந்த ஊரில் ஒன்றுமே நடப்பதில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்பதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஊரில் நடப்பது ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரிகிறது, நம் வீட்டுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் 1998 முதல் 24 வருஷம் ஒரு நாளிதழுக்கு இந்த ஊரில் பகுதிநேர நிருபராக இருந்தவன். பெரிய செய்திகளை எழுதியதைவிட, உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று நாலு வரி வருமே, அதை எழுதியதுதான் அதிகம். எனக்குத் தெரிந்தது வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கும் பழைய ஊர். புறவழிச்சாலைப் பக்கம் புதிதாக எழும்பிய நகர்களில் குடியிருப்போர் சங்கம் என்ன செய்கிறது, பையன்கள் எங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களிடம் கேட்பதுதான் நல்லது.

முதல் விஷயம், சனி ஞாயிறு என்று தேடுவதை விடுங்கள். இந்த ஊர் கிழமை பார்த்து நடப்பதில்லை. திதி, நட்சத்திரம், தமிழ்த் தேதி, ஆற்றில் தண்ணீர், இந்த நாலையும் பார்த்து நடக்கிறது. பாருங்கள், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சித்திரையில் சாரங்கபாணி கோவில் தேர் ஓடியிருக்கும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் அதுவும் ஒன்று. சித்திரை 11, 12, 13 ஆகிய மூன்று நாளும் காலையில் நாகேஸ்வரன் கோவில் கருவறைக்குள் சூரிய வெளிச்சம் போய் லிங்கத்தின் மேல் விழும். அட்சய திருதியை அன்று ஊர்ப் பெருமாள்கள் எல்லாம் கருட வாகனத்தில் கிளம்பி வந்து பெரிய தெருவில் வரிசையாக நிற்பார்கள். இவற்றில் எதுவும் உங்களுக்காக ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைக்கப்படாது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நடந்து முடிந்துவிடும். நீங்கள் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள்.

வெளியூர்க்காரர்கள் நவக்கிரகக் கோவில்களுக்குப் போக இங்கே அறை எடுத்துத் தங்கி, காரில் ஒரே நாளில் சுற்றிவிட்டுப் போகிறார்கள். இணையத்தில் இருக்கும் பட்டியல் எல்லாம் அவர்களுக்காக எழுதியது. எந்தக் கோவில், எத்தனை மணிக்கு நடை திறக்கும், அதோடு சரி. எந்த நாள் என்று அதில் இருக்காது. இங்கேயே இருக்கிறவர்களுக்கு நாள்தான் கணக்கு.

அந்த நாளைத் தெரிந்துகொள்ள நோட்டீஸ் படிக்கப் பழகுங்கள். கோவில் பத்திரிகையில் முதல் வரியில் வருஷப் பெயர், அப்புறம் தமிழ் மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், லக்னம் என்று போய், அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில்தான் இங்கிலீஷ் தேதி இருக்கும். அதற்குக் கீழே பத்து நாள் விழா என்றால் பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் என்ன வாகனம், எத்தனை மணி, யார் உபயம் என்று இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த உபயதாரர் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான். ஒரு நாள் மண்டகப்படி, அதாவது அன்றைய விழாச் செலவு, பாத்திர வியாபாரிகளுடையது என்றால், அன்றைக்கு அந்தக் கடைக்காரர்களின் குடும்பங்கள் மொத்தமும் வீதிக்கு வரும். இன்னொரு நாள் ஒரு தெருக்காரர்களுடையது என்றால் அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் கோலம் இருக்கும், பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். ஊரில் யார் யாரோடு சேர்ந்து இருக்கிறார்கள் என்பதை இந்தப் பத்து வரியில் படித்துவிடலாம்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு இருக்கின்றன. நட்சத்திரம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிடும். அதனால் நாள்காட்டித் தாளில் ஒரு நாளும் கோவிலில் மறுநாளும் இருப்பது சகஜம். எது சாஸ்திரப்படி சரி என்று சொல்லும் படிப்பு எனக்கில்லை. அந்தக் கோவில் பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அந்தக் கோவிலுக்குச் சரி. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனதை உறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது. சாமி குளத்துக்கு வந்து நீராடும் மாசி மகத் தீர்த்தவாரித் தேதியைக் கோவில் அலுவலகத்தில் கேட்காமல், வீட்டு நாள்காட்டியைப் பார்த்து எழுதிவிட்டேன். ஒரு நாள் முன்னதாகப் போய்விட்டது. அன்று காலை மகாமகக் குளத்துப் பக்கம் போனேன். படிக்கட்டில் ஓர் அம்மாள் ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். பக்கத்தில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் மாற்றுப் புடவை, மடித்து வைத்த ஒரு பேப்பர்த் துண்டு. வலங்கைமான் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். "சாமி இன்னும் வரலையே தம்பி, பேப்பர்ல இன்னிக்குத்தான்னு போட்டிருந்துச்சு" என்றார். அந்தத் துண்டு நான் எழுதியதுதான். நாளைக்குத்தான் என்று சொன்னேன். பஸ் காசுக்கு மறுபடி எங்கே போவது என்று அன்று ராத்திரி அங்கேயே ஒரு மண்டபத்தில் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் காபி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். "இதுக்கென்ன, ரெண்டு நாள் குளிச்சதா இருக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் கோவில் ஆட்களிடம் நேரில் கேட்காமல் ஒரு தேதிகூட எழுதியதில்லை. நீங்களும் நேரில் கேளுங்கள். வாசலில் தேங்காய்க்கடை வைத்திருப்பவரைக் கேட்டாலே போதும். அவருக்குப் பிழைப்பே அந்தத் தேதிதான், தப்பாகச் சொல்ல மாட்டார்.

கோவில் சம்பந்தமில்லாத செய்தி சுவரிலும் ஒலிபெருக்கி ஆட்டோவிலும் இருக்கிறது. காந்தி பூங்கா, உச்சிப்பிள்ளையார் கோவில், பழைய மீன் மார்க்கெட் என்று ஒரு சுற்று நடந்தால் அந்த வாரத்துச் செய்தி முழுவதும் தெரிந்துவிடும். புத்தகக் கண்காட்சி, ரத்ததான முகாம், பட்டிமன்றம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டுவிழா, காதணி விழா எல்லாம் சுவரொட்டியில் இருக்கும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளையும் நின்று படியுங்கள். யார் தவறிப் போனார், அவர் என்ன தொழில் செய்தார், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது வரை அதில் இருக்கும். உங்கள் கிளைக்கு வருகிற வாடிக்கையாளர் ஒருவரின் அப்பாவாக இருக்கலாம். ஒரு முறை போய் நின்றுவிட்டு வந்தால் அந்த வீட்டார் உங்களை மறக்கவே மாட்டார்கள். நாளிதழ் ஒன்றைத் தஞ்சைப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளூர்ப் பக்கத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தப் பகுதியில் நாளை மின்தடை என்று போடுவார்கள். என் அனுபவத்தில் அந்தப் பக்கத்தில் அதிகம் பேர் படிப்பது அதைத்தான். ஒரு நாள் விட்டுப்போனாலும் வீட்டுக்குப் போன் வந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். கல்லணை வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து நமக்கு வந்துசேர இன்னும் சில நாள் ஆகும். எல்லா வருஷமும் அப்படி நடப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வங்கிக்காரர் என்பதால் உங்களுக்கு இது வேலையிலும் உதவும். தண்ணீர் வந்தால் குறுவை நெல் சாகுபடி, குறுவை இருந்தால் கடைத்தெருவில் பணம், நகைக்கடன் திரும்புவது, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதைத் தொட்டுத்தான். முதல் தண்ணீர் வரும் நாளில் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். செத்தை, சருகு, நுரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு கலங்கலாக, மெதுவாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் மணலை நனைத்துக்கொண்டு வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். பெரியவர்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இப்போதும் பார்க்கப் போவேன்.

"கோவிலைத் தவிர" என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. ஒரு சின்ன ஓட்டு வீடு, திண்ணையும் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலும். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் படித்த நகர மேல்நிலைப் பள்ளி இன்னும் நடக்கிறது. 1904-இல் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்ததும் இந்த ஊரில்தான். காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கல்லூரி 1854-இல் தொடங்கியது. உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை அங்கே தமிழ் ஆசிரியர். சீவகசிந்தாமணியை அவர் பதிப்பித்தது அந்த வருஷங்களில்தான். எழுத்தாளர்கள் ந.பிச்சமூர்த்தி, கு.ப.ராஜகோபாலன், எம்.வி.வெங்கட்ராம் எல்லாம் இந்தத் தெருக்களில் நடந்தவர்கள். இலக்கியக் கூட்டம் இன்றும் நடக்கிறது. இருபது பேர் வருவார்கள், அதில் பத்துப் பேருக்கு அறுபது வயதுக்கு மேல். புதிதாக ஒருவர் வந்தால் அவ்வளவு சந்தோஷப்படுவார்கள். நூலகத்தில் விசாரித்தால் நாள் தெரிந்துவிடும்.

ஒரு விடுமுறை நாளில் சுவாமிமலைக்குப் போய் ஸ்தபதிகளின் பட்டறை ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் சிலையை முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக நின்று பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டுத்தறி, தாராசுரத்தில் விடியற்காலைக் காய்கறி மார்க்கெட், இவையும் அப்படித்தான். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலைக் கடையில் நின்று கொழுந்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும்.

காபியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல பசும்பால், கெட்டியான முதல் டிகாக்ஷன், பித்தளை டபரா, இவ்வளவும் நிச்சயம். 'கும்பகோணம் டிகிரி காபி' என்பதில் டிகிரி என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் மட்டும் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவியால் டிகிரி பார்த்து வாங்கியதால் வந்த பெயர் என்பது ஒன்று. சிக்கரி என்ற சொல் திரிந்தது என்பது இன்னொன்று. முதல் டிகாக்ஷன் முதல் டிகிரி என்பது மூன்றாவது. எனக்குப் பால் கதைதான் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் ஆதாரம் காட்டு என்றால் என்னிடம் இல்லை. நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கும் டிகிரி காபிப் பலகைகளை வைத்து இந்த ஊர்க் காபியை எடை போடாதீர்கள். அதேபோல நாச்சியார்கோவில் கல் கருடனைப் பற்றிச் சொல்வார்கள். மார்கழியிலும் பங்குனியிலும் சன்னதியை விட்டு வெளியே எடுக்கும்போது நாலு பேர் தூக்குவார்கள், பிறகு எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் கூடிக்கொண்டே போகும். ஆள் கூடுவது நான் கண்ணால் பார்த்தது. எடை கூடுகிறது என்பது நம்பிக்கை. இரண்டையும் தனித்தனியாக எழுதத்தான் நான் முயன்றிருக்கிறேன்.

இன்னும் சில நாளில் ஜூலை 16 வரும். 2004-இல் அன்றைக்குத்தான் காசிராமன் தெருப் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். ஒவ்வொரு வருஷமும் அன்று காலை பெற்றோர் அந்தப் பள்ளி வாசலில் படம் வைத்துப் பூப் போடுவார்கள், பாலக்கரை நினைவிடத்துக்கும் போவார்கள். சிலர் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தை வாங்கிவந்து வைப்பார்கள். அந்தச் செய்தியை அன்றைக்கே எழுதியவன் நான். இன்றும் அதைப் பற்றி நாலு வரிக்கு மேல் எழுத வராது. அன்று உங்கள் கிளையில் யாராவது விடுப்புக் கேட்டால் காரணம் கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வருஷம் இங்கே இருப்பதாக இருந்தால் 2028 மகாமகத்தையும் பார்ப்பீர்கள். குரு சிம்ம ராசியில் இருக்கும் மாசி மாதத்து மக நட்சத்திரத்தில், 12 வருஷத்துக்கு ஒரு முறை. 2004-ஐயும் 2016-ஐயும் நான் செய்தி சேகரித்துப் பார்த்திருக்கிறேன். 1992-இல் நெரிசலில் கிட்டத்தட்ட 50 பேர் இறந்தார்கள் என்பதால், அதற்கப்புறம் கூட்டத்தை ஒருவழியாக விட்டு வெளியேற்றுவதில் மிகவும் கவனமாக இருக்கிறார்கள். வயதானவர்களை அன்றைக்குக் குளத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள் என்பதுதான் என் யோசனை. மகாமகத்துக்கு முந்தைய பத்து நாளில் ஒரு விடியற்காலையில் போய்வரலாம். அம்மாவுக்கு நெரிசல் இருக்காது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒரு புதுக் கோவிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு ஒருவரும் பழக்கமாக மாட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கோவிலுக்கு, பெரியதோ சின்னதோ, தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரே நேரத்தில் போகச் சொல்லுங்கள். ஒரே பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கட்டும். நாலாவது நாள் அந்தப் பூக்காரியே "எந்தத் தெரு பாட்டி, புதுசா?" என்று கேட்பாள். அதற்கப்புறம் பிரதோஷத்துக்கு யார் வருகிறார்கள், எந்த வீட்டில் பஜனை, நவராத்திரிக்கு யார் வீட்டில் பெரிய கொலு, எல்லாம் அம்மாவே உங்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நான் நிருபராக இருந்தபோது எனக்குப் பாதிச் செய்தி இப்படிப்பட்ட பாட்டிகளிடமிருந்துதான் வந்தது.

ஆடி பிறக்கப் போகிறது. பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி வரும். அன்று காலை மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பகவத் படித்துறைக்கோ சக்கரப் படித்துறைக்கோ ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் கால் வைக்க இடம் இருக்காது. ஆற்றுக்குப் படைக்கக் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, கொஞ்சம் பழம், இவ்வளவு போதும். காப்பரிசி எப்படிச் செய்வது என்று அம்மா பக்கத்து வீட்டில் போய்க் கேட்கட்டும், கடையில் வாங்க வேண்டாம். புதுக் கல்யாணமான ஜோடிகள் கல்யாண மாலையைக் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள். அம்மாவுக்கு யாராவது மஞ்சள் கயிறு நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மகளுக்கு ஒரு சப்பரம் வாங்கிக் கொடுங்கள். சாமி படம் ஒட்டி, அடியில் சக்கரம் வைத்த சின்ன மரத்தேர் அது. கும்பேஸ்வரர் கோவில் முகப்பில் இருக்கும் கடைகளில் ஒரு வாரம் முன்பே வந்துவிடும். அதில் கயிறு கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனால், இரண்டு வீடு தாண்டுவதற்குள் இன்னொரு பிள்ளை தன் சப்பரத்தோடு பின்னால் வந்துவிடும்.